தாத்தா காரின் மீட்டர் முள்... மறுபடி நிஜம் பேச வைப்பது எப்படி?

ஷெட்டில் பல வருஷம் தூங்கிய அம்பாசடரை வெளியே எடுக்கும் வீடுகளில் செலவு ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகும். முதலில் இன்ஜின். அடுத்து டிங்கரிங், பெயின்ட். பிறகு சீட் கவர், பம்பருக்குக் குரோமியம் முலாம். எல்லாம் முடிந்து, கையிருப்பும் கரைந்த பிறகுதான் டேஷ்போர்டு கண்ணில் படும். அங்கே கண்ணாடிக்குள் பூஞ்சை பூத்திருக்கும். பெட்ரோல் முள் காலிக் கோட்டில் படுத்துக் கிடக்கும். ஸ்பீடோமீட்டர் முள், வண்டி நின்றிருக்கும்போதே 20-ஐக் காட்டும். “அது ஓடாது சார், டேங்க்குல குச்சி விட்டுப் பார்த்துக்கலாம்” என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

வெளியே பளபளக்கும் பெயின்ட்டைத் தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். ஓட்டுகிறவர் பார்த்துக்கொண்டிருப்பது அந்த மீட்டர்களைத்தான். இன்ஜின் கொதிக்கிறதா, ஆயில் ஏறுகிறதா, பெட்ரோல் இன்னும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்ல அந்தக் காரில் வேறு நாதி கிடையாது. இந்தக் காலத்துக் கார்போல் ‘பீப்’ அடித்து எச்சரிக்க அதில் கம்ப்யூட்டரும் இல்லை. ஓடாத மீட்டரை நாம் நம்புவதில்லை. பொய் சொல்லும் மீட்டரை நம்பிவிடுவோம். ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம்.

பழைய கார் மீட்டரைப் புதுப்பிப்பது பற்றிப் பேசும்போது, அதைப் புதுசுபோல் ஆக்குவது எப்படி என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அது மறுபடி உண்மை சொல்கிறதா என்பதை முதலில் பார்ப்போம். பளபளப்பு அப்புறம் வரட்டும்.

கடிகாரக் கடையிலிருந்து வந்த கருவி

1956-ல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வாரிசுதான் நம் அம்பாசடர். வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 வரை அதைச் செய்தார்கள். சென்னையை ஒட்டிய வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பிரிட்டிஷ் வடிவமைப்புதான். இந்தக் கார்களின் மீட்டர்களுக்கும் அந்த ஊர் வாசனை உண்டு. அந்தக் கால பிரிட்டிஷ் கார்களின் டேஷ்போர்டில் அடிக்கடி தென்படும் பெயர் ஸ்மித்ஸ். லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் மீட்டர் பக்கம் திரும்பியது.

கடிகாரக் கடைக்காரர் கார் மீட்டர் செய்தார் என்பதில் ஆச்சரியமே இல்லை. ஸ்பீடோமீட்டரைத் திறந்தால் உள்ளே இருப்பது கைக்கடிகாரத்தின் ஒன்றுவிட்ட தம்பி: தலைமுடி கனத்தில் சுருள் வில், ஊசிமுனை அச்சு, நுணுக்கமான பல் சக்கரங்கள். இந்த வேலைக்கு மெக்கானிக்கின் கை பலத்தைவிட வாட்ச் ரிப்பேர்காரரின் பொறுமைதான் வேண்டும்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. 1902-ல் ஓட்டோ ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய யோசனை இது. கியர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே மீட்டருக்கு வருகிறது. அதன் நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாமல், அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். முள் இருப்பது அந்தக் கிண்ணத்தின் அச்சில். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாதே என்பீர்கள். ஒட்டாதுதான். ஆனால் காந்தம் பக்கத்தில் சுழலும்போது அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது கிண்ணத்தைக் காந்தம் போகும் திசையிலேயே இழுக்கிறது. சுருள் வில்லோ விடமாட்டேன் என்று பின்னால் இழுக்கிறது. மேய்ச்சலுக்குத் திமிறும் கன்றைக் கயிறு பிடிப்பதுபோல இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. வேகம் கூடினால் கன்றுக்குப் பலம் கூடும், முள் இன்னும் கொஞ்சம் முன்னே போகும். இவ்வளவுதான் சூட்சுமம். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. 60 வருஷத்துக்கு முந்தைய ஸ்பீடோமீட்டரை இன்றும் சரிசெய்ய முடிவது இதனால்தான்.

திறப்பதற்கு முன் கொஞ்சம் துப்பறியுங்கள்

மீட்டர் ஓடவில்லை என்றதும் திருப்புளியை எடுக்கவேண்டாம். பாதி நோய்கள் மீட்டருக்கு வெளியேதான் இருக்கும்.

முள்ளும் நகரவில்லை, கிலோமீட்டர் எண்களும் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல். அது அறுந்திருக்கலாம், இல்லை முனையில் கழன்றிருக்கலாம். எண்கள் ஒழுங்காக ஓடி, முள் மட்டும் செத்துக் கிடந்தால் கேபிள் நல்லாயிருக்கிறது. கோளாறு கிண்ணத்திலோ சுருள் வில்லிலோ இருக்கிறது. முள் ஓடி, எண்கள் மட்டும் நின்றிருந்தால் உள்ளே பல் சக்கரம் தேய்ந்திருக்கும்.

முள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது, கூடவே ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது என்றால், கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது வறண்டு போயிருக்கிறது. உள் கேபிளை உருவி எடுத்துத் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவிப் போட்டாலே பல வண்டிகளில் ஆட்டம் நின்றுவிடும். இதில் ஒரு விஷயம் கவனம். மீட்டரில் சேரும் மேல் நுனியில் ஒரு சாண் அளவுக்குக் கிரீஸ் தடவாதீர்கள். கேபிள் சுழலும்போது கிரீஸ் மெதுவாக மேலேறி மீட்டருக்குள் புகுந்துவிடும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் அது போய் உட்கார்ந்தால், ஒரு கேபிள் வேலை மீட்டர் வேலையாக மாறும்.

அப்படியும் தீராதபோதுதான் மீட்டரைக் கழற்ற வேண்டும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயர்களைக் கையிலிருக்கும் போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது வருஷத்தில் எத்தனை எலக்ட்ரீஷியன்கள் அதில் கை வைத்தார்களோ, சிவப்பு ஒயர் சிவப்பு ஒயரோடுதான் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒவ்வொரு ஒயரிலும் வெள்ளை டேப் ஒட்டி எண் போடுங்கள்.

முள்ளை எடுக்கும் அந்த ஒரு நிமிடம்

பெரும்பாலான பழைய மீட்டர்களின் முன் வளையம் சிறு நாக்குகளால் பிடித்திருக்கும். வளையத்தை மெதுவாகத் திருப்பினால் நாக்குகள் கேஸில் உள்ள வெட்டுகளுக்கு நேராக வந்து கழன்றுவிடும். துரு பிடித்திருந்தால் ஒரு துளி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். நெம்பினால் வளையம் நெளியும். நெளிந்த வளையத்துக்கு மாற்று தேடி அலைவது பெரும்பாடு.

உள்ளே போனால் பயப்பட வேண்டியது முள்ளுக்குத்தான். அது ஊசி கனத்து அச்சில் அழுத்திச் சொருகப்பட்டிருக்கும். ஒரு பக்கமாக இழுத்தால் அச்சு வளையும், சுருள் வில் சிக்கிக்கொள்ளும். டயலில் ஒரு தாளை வைத்து மூடி, இரண்டு சிறு ஸ்பூன்களை முள்ளின் இரு புறமும் கொடுத்து ஒரே சமயத்தில் மெல்லத் தூக்குவதுதான் பழைய வித்தை. அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டயலில் முள்ளைத் தடுத்து நிறுத்த ஒரு குட்டி ஆணி இருக்கும். முள்ளை லேசாக வளைத்து அந்த ஆணியைத் தாண்ட விடுங்கள். எந்த இழுப்பும் இல்லாதபோது முள் தானாக எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது முள் நிற்கவேண்டிய இடம் அதுதான். ஆணியோடு ஒட்டினாற்போல் மாட்டிவிட்டால் எல்லா வேகமும் தப்பாகக் காட்டும்.

சுருள் வில்லை விரலால் தொடக் கூடாது. கம்ப்ரஸர் காற்றை உள்ளே அடிக்கவே கூடாது. தூசி தட்ட, கேமரா லென்ஸ் துடைக்கும் மெல்லிய பிரஷ் போதும்.

டயலை வெளுக்காதீர்கள்

ஆர்வம் அதிகமாகி நிறையப் பேர் கோட்டை விடும் இடம் இது. டயலில் உள்ள எண்கள் மெல்லிய மையால் அச்சானவை. தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எது பட்டாலும் 60-ம் 80-ம் பஞ்சோடு வந்துவிடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பட்ஸ் குச்சியால், எண்கள் இல்லாத ஓரத்தில் முதலில் தொட்டுப் பாருங்கள். நிறம் ஒட்டவில்லை என்றால், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் போகும் அழுக்கு போகட்டும், போகாதது இருக்கட்டும்.

டயலைப் புதிதாக அச்சடித்து ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்தே தெரியாத அளவுக்கு அழிந்துவிட்ட டயலுக்கு அதுதான் வழி. ஆனால் லேசாக மஞ்சள் படிந்து, எண்கள் தெளிவாக இருக்கும் டயலை எதற்காகத் தூக்கிப் போட வேண்டும்? புது அச்சில் எண்களின் வளைவும் கோட்டின் கனமும் கொஞ்சம் மாறினாலும் கண்ணுக்கு உறுத்தும். பழைய வண்டியை மதிப்பிடத் தெரிந்தவர்கள் அந்த வித்தியாசத்தை உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள். 50 வயதைத் தாண்டிய, அசல் வடிவம் மாறாத சொந்த உபயோக வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதன் பிறகு அசல் பாகங்களின் மேல் மக்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. என்னைக் கேட்டால், விதி இல்லாவிட்டாலும் அந்த மஞ்சளை விட்டுவைப்பேன்.

கேஸின் உட்புறத்தைத் தாராளமாகப் புதுப்பிக்கலாம். அங்கே வெள்ளையோ வெளிர் நிறமோ பூசியிருப்பார்கள். உள்ளே எரியும் சின்ன பல்பின் வெளிச்சத்தை டயல் மேல் திருப்பி அனுப்புவது அந்தப் பூச்சுதான். காலப்போக்கில் அது கருகிப்போகும். “என்ன பல்பு போட்டாலும் ராத்திரியில் மீட்டர் தெரியலை” என்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். புதிதாக ஒரு கோட் வெள்ளை பெயின்ட் அடித்துப் பாருங்கள்.

எல்.இ.டி பல்பு மாற்றுவதும் தப்பில்லை, வெளிச்சத்துக்கு மட்டும் என்றால். ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டியில் சார்ஜ் எச்சரிக்கை விளக்கை எல்.இ.டி ஆக்கிவிடாதீர்கள். அந்த பல்பு வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. எல்.இ.டி வழியாக அது போதிய அளவு போகாது. சார்ஜே ஆகாமல் போய், எதனால் என்று தெரியாமல் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இருட்டில் மின்னும் முள்ளா? ஒரு நிமிடம் நில்லுங்கள்

நம் ஊரில் பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டுவதற்கெல்லாம் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்றுதான் பெயர். அதில் ஒரு துளி ரேடியமும் கிடையாது. வெளிச்சம் பட்டால் திருப்பி அனுப்பும் பிளாஸ்டிக், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் கடிகாரங்களிலும், விமானக் கருவிகளிலும், சில வாகன மீட்டர்களிலும் நிஜமாகவே ரேடியம் கலந்த பெயின்ட்டைப் பூசினார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியில் அப்படி டயல் எழுதிய இளம்பெண்கள், பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக் கூராக்கியே நோயில் விழுந்த கதை 1920-களில் உலகை உலுக்கியது.

கையில் இருப்பது போர்க்கால ஜீப்போ, 1930, 40-களின் காரோ என்றால் இது பழைய கதை இல்லை. இப்போது அந்த முள் இருட்டில் ஒளிரவில்லை என்பதால் ரேடியம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. ஒளி தரும் துத்தநாகச் சேர்மம் தேய்ந்துவிட்டது. ரேடியம் அப்படியே இருக்கிறது. அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிய பயமில்லை. திறந்து, சுரண்டி, அந்தத் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. முள்ளிலும் எண்களிலும் தடிப்பாக, பழுப்பு நிறத்தில் பொரிந்த பூச்சு தெரிந்தால் வீட்டு டைனிங் டேபிளில் வைத்துத் திறக்காதீர்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். பின்னாளில் வந்த அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு நிம்மதியாக அடுத்ததுக்குப் போகலாம்.

பெட்ரோல் முள்ளின் இரண்டு ஜாதி

சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று எழுந்து, வண்டி குலுங்கினால் தானும் குலுங்குகிறதா? அது பழைய, சுருள் கம்பி வகை. சாவி போட்டபின் சோம்பேறி மாதிரி மெல்ல மெல்ல ஏறி நிற்கிறதா? அது பிந்தைய, வெப்ப வகை. உள்ளே இரண்டு உலோகத்தை ஒட்டிய பட்டை ஒன்று சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. வைத்தியம் பார்க்கும் முன் ஜாதி தெரிய வேண்டும். ஏனென்றால் இரண்டும் நேர்மாறாக நடந்துகொள்ளும்.

மீட்டருக்குப் பின்னால், டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு சாவியைப் போடுங்கள். சுருள் வகை ‘ஃபுல்’ காட்டும்; வெப்ப வகை காலி காட்டும். மீட்டரில் அந்த ஒயர் இருந்த முனையை ஒரு கணம் எர்த்தில் தொட்டால், சுருள் வகை காலிக்கு வரும். வெப்ப வகை ஃபுல்லுக்கு ஏறும். இப்படி நடந்தால் மீட்டர் நல்லாயிருக்கிறது, கோளாறு டேங்க் பக்கம். இந்தச் சோதனையை மீட்டர் முனையில் மட்டும் செய்யுங்கள். திறந்த பெட்ரோல் டேங்க் பக்கத்தில் ஒயரை உரசிப் பொறி பறக்கவிடுவது தற்கொலை முயற்சி.

டேங்க் பக்கம் போனால் முதலில் எர்த் ஒயரைப் பார்க்கவேண்டும். டேங்கைக் கழற்றிப் பெயின்ட் அடித்து மாட்டியபின் பெட்ரோல் முள் வேலை செய்யாமல் போவது அடிக்கடி நடப்பதுதான்; புது பெயின்ட் எர்த்தை மறைத்துவிடும். அடுத்து மிதவை. பித்தளை மிதவையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் பெட்ரோல் உள்ளே புகுந்து அது மூழ்கிவிடும். டேங்க் நிறைய இருந்தாலும் மீட்டர் ‘காலி’ என்று அழும். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் அதுதான் குற்றவாளி.

வெப்ப வகை மீட்டர் உள்ள வண்டியில் இன்னொரு சின்னப் பொருள் இருக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய தகரப் பெட்டி, பெயர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரி 12 வோல்ட்டோ 14 வோல்ட்டோ, பெட்ரோல் மீட்டருக்கும் டெம்பரேச்சர் மீட்டருக்கும் சராசரியாக 10 வோல்ட் மட்டும் அனுப்புவது அதன் வேலை. இரண்டு முள்ளும் ஒரே சமயத்தில் அதிகமாகக் காட்டினால் மீட்டர்கள் மேல் பழி போடாதீர்கள்; இந்தப் பெட்டியையோ அதன் எர்த்தையோ சந்தேகப்படுங்கள். பழைய தகரக் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே 10 வோல்ட் ரெகுலேட்டர் சிப் வைத்துத் தருவது எந்த நல்ல எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரருக்கும் எளிய வேலை. வெளியே பார்த்தால் அசல், உள்ளே நம்பகம். இந்த மாதிரித் திருட்டுத்தனத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஐஸ் பெட்டியில் வைத்துச் செய்யும் ஆபரேஷன்

டெம்பரேச்சர் மீட்டரில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இன்ஜின் உயிர் இதில்தான் இருக்கிறது. முள் நடுவில் அசையாமல் நிற்க, ‘எல்லாம் நலம்’ என்று நம்பி ஓட்டி, பானட்டிலிருந்து ஆவி கிளம்பிய பிறகு நிறுத்தினால் ஹெட் கேஸ்கெட்டோடு போயிற்றென்றால் அது அதிர்ஷ்டம். ஹெட்டே வளைந்தால் செலவு மீட்டர் வேலையைப்போலப் பல மடங்கு.

பழைய வகையில் ஒயர் கிடையாது. இன்ஜினில் சொருகிய பித்தளைக் குமிழிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று மீட்டர்வரை வரும். குமிழுக்குள் ஈதர் திரவம். இன்ஜின் சூடானால் ஈதர் ஆவியாகி அழுத்தம் கூடும். மீட்டருக்குள் வளைந்திருக்கும் தட்டையான குழாய் அந்த அழுத்தத்தில் கொஞ்சம் நிமிரும். அது முள்ளைத் தள்ளும். திருவிழாவில் ஊதினால் நீளும் சுருள் பீப்பி பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம். பிரெஞ்சுக்காரர் யூஜீன் பூர்தோன் 1849-ல் காப்புரிமை வாங்கியது. ஆயில் பிரஷர் மீட்டருக்குள் இருப்பதும் இதே குழாய்தான்.

இன்ஜினைத் தூக்கும்போது இந்தக் குழாயைக் கவனிக்காமல் வெட்டிவிடுவது மெக்கானிக் ஷாப்புகளில் அன்றாட நிகழ்ச்சி. வெட்டுப்பட்டால் ஈதர் பறந்துவிடும், மீட்டர் செத்தது. அதற்கும் வைத்தியம் உண்டு. வேறொரு நல்ல மீட்டரின் குமிழையும் குழாயையும் எடுத்து, அந்தக் குமிழை உப்பு கலந்த ஐஸில் புதைத்துவிடுவார்கள். குளிரில் ஈதர் முழுவதும் திரவமாகிக் குமிழுக்குள் அடங்கிக்கொள்ளும். அந்த நேரத்துக்குள் குழாயை வெட்டி, பழைய மீட்டரின் குழாயோடு சேர்த்து ஈயப்பற்று வைத்து மூட வேண்டும். ஈதர் கொதிப்பது சுமார் 35 டிகிரியில். அதாவது சென்னையில் மே மாத மத்தியானம் நிழலிலேயே கொதித்துவிடும். சட்டென்று தீப்பிடிக்கும் பொருளும்கூட. ஆகவே இதை வீட்டில் முயலாதீர்கள், தெரிந்த கை செய்யட்டும்.

நீங்கள் செய்யவேண்டியது, ரிப்பேராகி வந்ததைச் சோதிப்பது. குமிழைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் விடுங்கள். முள் 100 டிகிரிக்கு, பாரன்ஹீட் டயல் என்றால் 212-க்கு, அருகில் வர வேண்டும். தண்ணீர் ஆற ஆற ஒரு சமையலறைத் தெர்மாமீட்டரை வைத்து 90, 80 எல்லாம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஊட்டியில் இருப்பவர்கள் 100 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

வண்டியைத் தள்ளிக் கணக்குப் போடுங்கள்

ஸ்பீடோமீட்டரைச் சுத்தம் செய்து மாட்டியாகிவிட்டது. அது காட்டும் 60, நிஜ 60-தானா?

டயலின் கீழ்ப் பகுதியில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். ஸ்மித்ஸ் வகையில் 1000, 1600 போன்ற எண்கள் வரும். ஒரு மைல் ஓடினால் கேபிள் அத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது அதன் பொருள். கிலோமீட்டர் டயல் என்றால் கிலோமீட்டருக்கு. வண்டியின் கியர் பாக்ஸும் டயரும் தரும் சுற்று இந்த எண்ணோடு பொருந்தவேண்டும். வேறு வண்டியின் மீட்டரை வாங்கி மாட்டியிருந்தால் பொருந்தாது. பழைய குறுக்கு இழை டயரை எடுத்துவிட்டு அளவு மாறிய ரேடியல் டயர் போட்டிருந்தாலும் கணக்கு கொஞ்சம் பிசகும்.

வீட்டில் ஆள் பலம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இதைச் செய்து பார்க்கலாம். மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, உள் கேபிளின் நுனியில் காகிதக் கொடி ஒன்றை ஒட்டுங்கள். டயரில் சரியான காற்று இருக்கட்டும். சமதளத் தெருவில் டேப் வைத்து 50 மீட்டர் அளந்து, நியூட்ரலில் போட்டு வண்டியை நேராகத் தள்ளச் சொல்லுங்கள். கொடி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ஒருவர் எண்ணட்டும். 31 சுற்று வந்தால், 20-ஆல் பெருக்க, கிலோமீட்டருக்கு 620. மைலுக்கு மாற்றினால் ஏறக்குறைய 1000. டயலில் 1000 என்று இருந்தால் பொருத்தம் சரி. அந்த எண்ணில் இன்னொரு வசதியும் உண்டு: 60-ல் போகும் வண்டி நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் போகிறது. எனவே கேபிளை நிமிடத்துக்கு 620 சுற்று சுற்றினால் கிலோமீட்டர் முள் 60-ல் நிற்க வேண்டும். மீட்டர் கடையில் மோட்டாரில் மாட்டிச் சோதிப்பது இதைத்தான்.

பொருத்தம் சரியாக இருந்தும் எல்லா வேகத்திலும் குறைவாகவே காட்டினால், வயதாகிக் காந்தம் பலம் குன்றியிருக்கும். அதற்கு மறுபடி காந்தமேற்ற வேண்டும். அது கடை வேலை. கடைசிச் சோதனைக்கு உங்கள் போனில் இருக்கும் ஜி.பி.எஸ் போதும். ஆளில்லாத நேரான ரோட்டில் ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் போனையும் முள்ளையும் ஒப்பிட்டு 40, 60, 80-ல் எழுதிக்கொள்ளட்டும். ஓட்டுகிறவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும்.

பாகம் எங்கே, கை எங்கே?

சென்னையில் பழைய மீட்டர் தேடுகிறவர்களுக்கு புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று இரண்டு பெயர்கள் பழக்கம். நாம் தேடும் மீட்டர் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. போனில் உங்கள் மீட்டரின் முன், பின் படங்களோடும் அந்தப் பொடி எண்ணோடும் போங்கள். கண்ணாடி உடைந்த, டயல் அழிந்த ஒன்று கிடைத்தாலும் பேரம் பேசி வாங்கிவிடுங்கள். உள்ளே நல்ல பல் சக்கரமும் வில்லும் இருக்கலாம். கோவைக்காரர்களுக்கு மீட்டர் அந்நியம் இல்லை. 1970-களில் அங்கே தொடங்கிய பிரிக்கால், இன்றும் வண்டிகளுக்கு மீட்டர் செய்கிற பெரிய நிறுவனம். ஆனால் இன்றைய மீட்டர் வேறு உலகம், திரையும் சிப்பும். பழைய சுருள் வில்லைத் திருத்தும் கைகள் இப்போது ஊருக்கு ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், இந்த மழைக்காலத்துக்குள் மீட்டரை அவரிடம் கொண்டுபோய்விடுங்கள். ஒரு வாரம் ஆகும் என்றால் இரண்டு வாரம் கொடுங்கள். இதில் அவசரப்படுத்தி வாங்கிய வேலை நிற்காது.

அந்த ஐந்து எண்கள்

மீட்டரைக் கொடுக்கும்போது, “கிலோமீட்டரை ஜீரோ ஆக்கிடவா?” என்று கேட்கப்படலாம். புதுப்பித்த வண்டிக்குப் புது கணக்கு என்று தலையாட்டத் தோன்றும். வேண்டாம். அந்த எண் அப்பா திருப்பதிக்கு ஓட்டியது, அத்தை கல்யாணத்துக்குப் பத்துப் பேரை அடைத்துப் போனது எல்லாவற்றின் கூட்டுத்தொகை. விற்கும் நாள் வந்தால், வாங்குகிறவர் நம்பிக் கேட்கப்போகும் எண்ணும் அதுதான். பழைய மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான் இருக்கும். 99,999 தாண்டினால் தானே பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால் 43,000 என்பது ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரமாகவும் இருக்கலாம். வீட்டில் பழைய சர்வீஸ் பில், பெட்ரோல் கணக்கு எழுதிய டைரி ஏதாவது இருந்தால் தேடிப் பாருங்கள், விடை அதில் இருக்கும்.

வேறு மீட்டரை மாட்ட நேர்ந்தால், பழைய மீட்டரில் நின்ற எண்ணையே புதியதிலும் வைக்கச் சொல்லுங்கள். கேஸை மூடுவதற்கு முன் சின்னத் தாளில் தேதி, அன்றைய ரீடிங், என்ன வேலை செய்தது, யார் செய்தது என்று பென்சிலால் எழுதி, எதிலும் உரசாத மாதிரி உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு வளையத்தைத் திருப்பி மூடலாம். புது ரப்பர் வளையம் வைக்க மறந்துவிடாதீர்கள். இல்லையென்றால் அடுத்த ஐப்பசி மழையில் கண்ணாடிக்குள் மறுபடி பூஞ்சை பூக்கும்.